ஹெரால்டு பானட்டில் பட்டிக்குப் பதில் ஜிங்க்

ஹெரால்டு கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். பானட்டில், அதாவது எஞ்சினை மூடும் முன்மூடியில், முன்சக்கர வளைவுக்கு மேலே, உள்தகரமும் வெளித்தகரமும் சேரும் பட்டை. சேறும் தண்ணீரும் போய் உட்காரும் இடம் அது. துரு தின்ற தகரத்தை வெட்டி எடுத்து, புதுத் துண்டு வைத்து வெல்டு அடித்து, மேலே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) இழுத்து பெயிண்ட் போட்டால் ஒரு வருடம் பார்க்க நன்றாக இருக்கும். அப்புறம் வெல்டு ஓடிய கோட்டிலேயே மயிரிழை விரிசல் விழும். அதற்குள் தண்ணீர் இறங்கும். அடுத்த மழைக்குப் பட்டியே பத்தையாகக் கழன்று வரும். என் வண்டியில் இது திரும்பத் திரும்ப நடந்தது. கடைசியாகப் பட்டியை விட்டுவிட்டு, உருகிய துத்தநாகத்தைக் கன் வைத்துத் தெளித்து அந்தப் பள்ளத்தை நிரப்பினோம். பட்டறையில் எல்லோரும் ஜிங்க் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் வந்து போய்விட்டன. விரிசலும் இல்லை, கொப்புளமும் இல்லை. அதனால் செய்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு, சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் 1960களில் தயாரானது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் இதன் மூலம். உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிகெலோட்டி. எனக்கு இந்தக் காரில் பிடித்த விஷயம் அதன் கட்டுமானம். தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்), அதன்மேல் போல்ட் போட்டுப் பூட்டிய பாடி. பானட்டும் இரண்டு முன் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். கீல் போல்ட்டையும் ஹெட்லைட் வயரையும் கழற்றினால் இரண்டு பேர் தூக்கி டெம்போவில் வைத்துவிடலாம். மெட்டல் ஸ்பிரே செய்யும் பட்டறைக்குள் முழுக் காரை விடமாட்டார்கள். பானட்டை மட்டும் கொண்டு போக முடிந்ததால்தான் இந்த வேலையே சாத்தியமானது.

முதலில் பழைய பட்டியை எடுத்தோம். வயர் பிரஷ், சுரண்டி, பிடிவாதமான இடத்தில் ஹாட் ஏர் கன். வலது வளைவுக்கு மேலே ஓரிடத்தில் பட்டி 8 மி.மீ. கனம் இருந்தது. அதற்கு அடியில் இருக்கும் தகரம் வெர்னியர் அளவுகோலில் 0.9 மி.மீ. தகரத்தைவிட ஒன்பது மடங்கு கனத்தில் பட்டி இருந்தால் அது எப்படி நிற்கும்? கதவு சாத்தும்போதும் குழியில் இறங்கும்போதும் தகரம் அதிர்கிறது, பட்டி அதிர்வதில்லை. விரிசல் அங்கேதான் தொடங்குகிறது.

தகர வேலை செய்யும் எங்கள் டிங்கர் அண்ணன் அழுகிய பகுதியைச் சதுரமாக வெட்டி எடுத்தார். 20 கேஜ் தகரத்தில் புதுத் துண்டு மடித்து, இடம்விட்டு இடம் புள்ளி வைத்து, சூடு ஒரே இடத்தில் சேராமல் மெதுவாக மிக் வெல்டு (வயரை ஊட்டி அடிக்கும் மின் வெல்டு) ஓட்டினார். பிறகு வெல்டைக் கிரைண்டரில் தேய்த்துச் சமன் செய்தார். சுத்தியும், தகரத்தின் பின்னால் தாங்கிப் பிடிக்கும் டாலி என்ற இரும்புக் கட்டையும் கொண்டு முடிந்த அளவு நெளிவை எடுத்தார். முடிந்த அளவு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வளைவுக்குப் பின்னால் உள்தகரம் மறைப்பதால் டாலியை அங்கே நுழைக்க முடியாது. அதனால் வெல்டு கோட்டை ஒட்டி 40 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலத்துக்கு ஒரு பள்ளம் மிச்சம். ஸ்கேலை வைத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தால் ஆழமான இடத்தில் 1.8 மி.மீ., சராசரியாக 1 மி.மீ. இது போக, ஹெட்லைட்டைச் சுற்றி உதடு போல நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பில் துரு அரித்த சின்னச் சின்னக் குழிகள்.

அந்தக் காலத்தில் இதற்கு ஈயம் வைத்து இழுப்பார்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்த கம்பியைப் பிடித்து, கேஸ் டார்ச்சால் காட்டி, மரக்கட்டையால் தடவி உருவம் கொடுப்பது. எங்கள் டிங்கர் அண்ணனின் ஆசானுக்கு அது கைவந்த கலை. அந்தக் கலவை 183 டிகிரியில் இளகத் தொடங்கும். அகலமான இடத்தில் இழுக்க வேண்டுமென்றால் தகரம் முழுவதையும் அதற்கு மேலே சூடாக வைத்திருக்க வேண்டும். தட்டையான மெல்லிய தகரம் அந்தச் சூட்டில் மறுபடி நெளியும். ஈயப் புகையும் தூளும் வேறு. அதனால் அந்த வழி வேண்டாம் என்று விட்டோம்.

கோவையில் பம்ப் ஷாஃப்ட், மில் ரோலர் தேய்ந்துவிட்டால் மெட்டல் ஸ்பிரே செய்து கனம் ஏற்றிக் கடைந்து கொடுக்கும் பட்டறைகள் உண்டு. அப்படி ஒரு பட்டறைக்குத்தான் முதலில் போனேன். அங்கே இருந்தது பவுடர் டார்ச். நிக்கல் கலவைப் பவுடரைத் தீயில் தூவி, பின்னால் 1000 டிகிரிக்கு மேல் சூடேற்றி உருக்கி ஒட்டவைக்கும் முறை. “ஷாஃப்ட்டுக்குச் சரிங்க, உங்க தகரத்துக்கு இது தாங்காதுங்க. சுருட்டி வெச்சிரும்” என்று அந்தப் பட்டறைக்காரரே சொல்லிவிட்டார். இன்னொரு பட்டறையில் ஆர்க் ஸ்பிரே இருக்கிறது, அங்கே போங்கள் என்று வழி காட்டியதும் அவர்தான். இந்த இடத்தில் தெளிவாக இருப்பது நல்லது. மெட்டல் ஸ்பிரே என்று பலகை போட்ட எல்லாப் பட்டறையும் கார் தகரத்துக்கு ஆகாது. ஆர்க் ஸ்பிரே கன் இருக்கிறதா, ஜிங்க் வயர் ஓட்டுவீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் டெம்போ பிடிக்க வேண்டும்.

ஆர்க் ஸ்பிரேயில் இரண்டு ஜிங்க் வயர்கள் கன்னுக்குள் வந்து எதிரெதிரே முட்டும். அங்கே ஆர்க் (மின்பொறி) பிடித்து முனை உருகும். பின்னால் இருந்து வரும் காற்று அதைத் துகளாக்கித் தகரத்தின்மேல் அடிக்கும். ஜிங்க் உருகுவது 420 டிகிரியில். ஆனால் ஒவ்வொரு துகளும் மிகச் சின்னது, பட்டவுடன் ஆறிவிடுகிறது. தகரம் கை வைக்கிற சூட்டிலேயே இருக்கும். நெளிவே வராது. இதற்காகத்தான் இவ்வளவு அலைச்சலும்.

நேராகப் பானட்டில் கை வைக்காமல், கழித்துப் போட்ட பழைய கதவு ஒன்றில் அடித்துப் பார்த்தோம். பாதியை 36 நம்பர் டிஸ்க் போட்டுத் தேய்த்தோம், மீதியைக் கிரிட் பிளாஸ்டிங் (கூர்மையான துகளைக் காற்றில் வீசி அடிப்பது) செய்தோம். இரண்டிலும் ஒரே அளவு ஜிங்க். டிஸ்க் தேய்த்த பக்கம் பார்வைக்கு அருமையாகப் பிடித்திருந்தது. ஆறிய பிறகு உளியை ஓரத்தில் வைத்துத் தட்டியதும், தோசை ஓரம் கல்லை விட்டு எழும்புவது போல மொத்தமாக எழுந்து வந்துவிட்டது. பிளாஸ்டிங் செய்த பக்கத்தில் உளி ஜிங்க்கைத்தான் வெட்டியது, பிரிக்க முடியவில்லை. டிஸ்க் ஒரே திசையில் கோடு போடுகிறது. கிரிட் போடும் குழிகளுக்கு ஓரம் கூர்மையாக இருக்கும், எல்லாத் திசையிலும் இருக்கும். துகள் அதில் மாட்டிக்கொள்ளும். ஜிங்க் தகரத்தோடு உருகிச் சேர்வதில்லை, பிடித்துக்கொண்டு நிற்கிறது. பிளாஸ்டிங்குக்கு வசதி இல்லையென்றால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

ஆனால் அதே பிளாஸ்டிங்தான் தகரத்தைக் கெடுக்கவும் செய்யும். ஷாஃப்ட்டுக்கு அவர்கள் ஓட்டுவது 24 நம்பர் அலுமினியம் ஆக்சைடு, 6 பார் காற்று. கதவின் நடுப்பகுதியில் அதே அழுத்தத்தில் அடித்ததும் தகரம் வெளிப்பக்கமாக உப்பிவிட்டது. ஒவ்வொரு துகளும் குட்டிச் சுத்தியல் அடி. மேல்தோல் விரிந்து தகரம் வளைகிறது. உப்பிய தகரத்தைப் பழையபடி இறக்குவது பெரிய பாடு. அதனால் பானட்டுக்கு இன்னும் பொடியான 60 நம்பர் கிரிட், இரண்டரை முதல் 3 பார், நேராக இல்லாமல் 45 டிகிரி சாய்வு, ஒரே இடத்தில் நிறுத்தாமல் வீசிக்கொண்டே போவது என்று மாற்றினோம். நேரம் அதிகம் பிடித்தது. தகரம் அசையவில்லை. விரல் நகத்தை ஓட்டினால் சொரசொரவென்று இழுக்க வேண்டும், பளபளப்பு எங்கும் தெரியக் கூடாது. அந்த அளவு போதும்.

நிரப்ப வேண்டிய பள்ளத்தைவிடச் சுற்றிலும் 3 செ.மீ. அதிகமாகப் பிளாஸ்டிங் செய்தோம். ஜிங்க்கின் மெல்லிய ஓரம் பெயிண்ட் மேலோ தேய்த்த தகரத்தின் மேலோ முடிந்தால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும்.

பிளாஸ்டிங் செய்த தகரம் குழந்தையின் தோலைவிட மோசம், கை பட்டாலே கறை. சுத்தமான துணிக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. நான்கு மணி நேரத்துக்குள் ஸ்பிரே செய்துவிட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மழை நாளில் அவ்வளவு நேரம்கூடக் கிடைக்காது. அன்றைக்குக் காலையில் ஈரக் காற்று. தகரத்தின் சூடு பனி படியும் அளவைவிட 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும் என்பதால், வெயில் ஏறி பதினொரு மணி ஆன பிறகுதான் பிளாஸ்டிங்கையே தொடங்கினார்கள். இது எனக்குப் பிடித்திருந்தது. அவசரப்படுத்தாத பட்டறை கிடைப்பது பாதி வெற்றி.

கம்ப்ரஸர் காற்றையும் சோதித்தோம். வெள்ளைத் துணியைக் கன்னுக்கு எதிரே பிடித்து ஒரு நிமிடம் காற்றை மட்டும் விட்டுப் பார்ப்பது. துணியில் எண்ணெய்ப் புள்ளியோ ஈரமோ தெரிந்தால் டேங்க்கை டிரெயின் செய்து, ஃபில்டரைப் பார்க்க வேண்டும். முதல் தடவை லேசாக ஈரம் தெரிந்தது. டேங்க்கில் இருந்து ஒரு டம்ளர் தண்ணீர் இறங்கியது.

அடுத்து மறைப்பு. சுற்றியுள்ள பகுதிக்குத் தகரத் துண்டுகளை வெட்டி மாட்டினோம். பள்ளத்தின் ஓரத்தில் அந்தத் துண்டை ஒட்டி வைக்காமல், கட்டை கொடுத்து 5 மி.மீ. தூக்கி வைத்தது பட்டறைக்காரரின் யோசனை. ஒட்டி வைத்தால் ஜிங்க் படிக்கட்டு மாதிரி நின்றுவிடும். தூக்கி வைத்தால் அடியில் கொஞ்சம் நுழைந்து ஓரம் சரிவாகக் குறைந்து வரும், தேய்ப்பது சுலபம்.

அன்றைய செட்டிங்: வயர் 2 மி.மீ. ஜிங்க், 20 வோல்ட், 120 ஆம்பியர், காற்று 4 பார், கன்னுக்கும் தகரத்துக்கும் 15 முதல் 20 செ.மீ. தூரம். கன் நேராகப் பார்க்க வேண்டும். ஹெட்லைட் உதட்டின் உள்வளைவில் சாய்வாக அடிக்க வேண்டி வந்தது. அந்த இடத்தில் ஜிங்க் பொரபொரவென்று, தூள் கலந்து படிந்தது. சாய்த்தால் துகள் ஒட்டாமல் எகிறி, பக்கத்தில் தூளாக உட்காரும். அதன்மேல் அடுத்த அடி விழுந்தால் உள்ளே பலவீனமான அடுக்கு. அங்கே ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் பிரஷ் போட்டுத் தட்டிவிட்டுத்தான் தொடர்ந்தார்கள்.

முதல் வீச்சு பிளாஸ்டிங் செய்த இடம் முழுக்க மெல்லியதாக. அப்புறம் பள்ளத்தில் மட்டும் குறுக்கும் நெடுக்குமாக ஏற்றினார்கள். ஒரு வீச்சுக்கு 100 மைக்ரான் அளவில் ஏறியது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் புது ஜிங்க்கின் மேல் காட்டினால் நம்பவே முடியாத குறைந்த அளவு காட்டும், உலோகப் பரப்பு அதை ஏமாற்றிவிடும். அதனால் பழைய பெயிண்ட் இருந்த பின்பக்கத்தில் காட்டிப் பார்த்தேன். 60 டிகிரியைத் தொட்டதும் நிறுத்தி, வெறும் காற்று விட்டு ஆற்றி, மறுபடி. ஆழமான இடத்தில் 2 மி.மீ.க்குச் சற்று மேலே வரும்வரை ஏற்றினோம். தேய்த்து இறக்க ஏதாவது மிச்சம் வேண்டும் அல்லவா.

அந்தக் கன் நிமிடத்துக்கு 200 கிராம் போல உருக்குகிறது. பள்ளத்தில் நின்றது 200 கிராம் சொச்சம்தான். சுற்றி அடித்த மெல்லிய பூச்சு, உதடு, காற்றோடு போனது எல்லாம் சேர்த்து 700 கிராம் வயர் தீர்ந்தது. அதாவது ஆர்க் எரிந்த நேரம் மொத்தமாக நான்கு நிமிடம்கூட இல்லை. மற்றதெல்லாம் தயாரிப்பு.

புகை விஷயத்தில் யாரும் அலட்சியம் காட்ட வேண்டாம். ஜிங்க் புகையைச் சுவாசித்தால் சாயங்காலம் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரும், வாயில் இரும்பு ருசி. ஜிங்க் பூசிய ஜி.ஐ. பைப் வெல்டு அடிப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த காய்ச்சல் அது. பால் குடித்தால் போய்விடும் என்று நம் பட்டறைகளில் ஒரு நம்பிக்கை. பால் நுரையீரலுக்குப் போவதில்லை. கன் பிடித்தவர் காற்றுக் குழாய் இணைத்த ஹூட் போட்டிருந்தார். நான் புகைக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் வெல்டிங் கண்ணாடியும் போட்டு எட்டி நின்றேன். சத்தமும் பயங்கரம், காதடைப்பான் கட்டாயம். கீழே விழுந்த ஜிங்க் தூளை ஈரத் துணியால் துடைக்காமல் உலர்வாகக் கூட்டித் தகர டப்பாவில் போட்டார்கள். ஈரம் சேர்ந்தால் ஹைட்ரஜன் கிளம்பும்.

ஆறிய பிறகு நாணயத்தால் தட்டிக்கொண்டே போனேன். எல்லா இடமும் கணகணவென்று கேட்டது, சக்கர வளைவின் மடிப்பு ஓரத்தில் ஒரு விரல் நீளம் மட்டும் பொத்தென்று கேட்டது. நகத்தால் நெம்பியதும் வந்துவிட்டது. மடித்த தகரத்தின் விளிம்பு கத்தி மாதிரி கூர்மையாக இருந்ததுதான் காரணம். கூர் விளிம்பில் ஜிங்க் இரு பக்கமும் இழுபட்டுப் பிளக்கிறது. அந்த இடத்தை மட்டும் சுரண்டி எடுத்து, விளிம்பை அரத்தால் உருட்டி, மறுபடி பிளாஸ்டிங், மறுபடி ஸ்பிரே. இந்தத் தடவை பிடித்தது. விளிம்பு உருட்டும் வேலையைப் பிளாஸ்டிங்குக்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.

தேய்ப்பு வீட்டில். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். வளைந்த பல் உள்ள பாடி அரம் ஜிங்க்கை அழகாகச் சீவுகிறது. ஆனால் பல்லில் அப்பிக்கொள்ளும். சாக்பீஸை அரத்தில் தேய்த்துவிட்டு ஓட்டினால் அப்புவது குறையும். ஓரத்தில் அரத்தை எப்போதும் வெளியிலிருந்து உள்நோக்கித் தள்ள வேண்டும். உள்ளிருந்து வெளியே தள்ளினால் மெல்லிய ஓரம் எழும்பப் பார்க்கும். ஃபிளாப் டிஸ்க்கைக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தேன். சூடேறி ஜிங்க் இழுபட்டுப் பூசிக்கொண்டது. கையே நல்லது.

அரத்துக்குப் பிறகு 80 நம்பர் பேப்பரை ஒரு முழ நீளக் கட்டையில் மாட்டித் தேய்த்தேன். சின்னக் கட்டை வேண்டாம். ஜிங்க் மெத்தென்ற உலோகம், பக்கத்துத் தகரம் கடினம். சின்னக் கட்டையோ விரலோ வைத்துத் தேய்த்தால் ஜிங்க் மட்டும் குழிந்து, சுற்றி ஒரு வரம்பு நிற்கும். பெயிண்ட் ஏறிய பிறகு வெளிச்சம் பட்டால் அந்த வரம்பு பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். கடைசி 0.2 மி.மீ. அளவை, பெயிண்டுக்கு அடியில் சமன் செய்ய அடிக்கும் சர்ஃபேசருக்கு விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

தண்ணீர் விட்டுத் தேய்க்கவே கூடாது. நம் பெயிண்ட் கடைகளில் வாட்டர் பேப்பர் கையில் எடுத்தால் வாளித் தண்ணீரும் கூடவே வரும், பழக்கம் அப்படி. ஸ்பிரே செய்த ஜிங்க்கில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். தண்ணீர் உள்ளே போனால் மேலே பிரைமர் அடித்து மூடிய பிறகு வெயிலில் ஆவியாகிக் கொப்புளம் கிளப்பும். முழுக்க உலர் தேய்ப்புதான். முடிந்ததும் ஹாலஜன் விளக்கைக் காட்டித் தகரத்தை இளஞ்சூடாக்கி, ஈரம் ஏதும் இருந்தால் போகட்டும் என்று விட்டேன்.

பிரைமர் (அடிப்பூச்சு) இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் எபாக்ஸி. முதல் கோட்டைத் தின்னர் கூட்டி நீர்க்க அடித்தேன். அது துளைக்குள் இறங்கி, உள்ளே இருக்கும் காற்று வெளியே வர வழி விடும். நேராகக் கனமான கோட் அடித்தால் குண்டூசி முனை அளவில் ஓட்டைகள் விழும். பழைய கதவில் அதையும் பார்த்தாகிவிட்டது. நீர்க்க அடித்தது உலர்ந்ததும் முழுக் கோட், அதன்மேல் சர்ஃபேசர், அதன்மேல் பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட். எபாக்ஸி துளைகளை முழுசாக மூடிய பிறகுதான், சர்ஃபேசரைத் தேய்க்கும்போது தண்ணீர் காட்டினேன். ஜிங்க்கின்மேல் நேரடியாக எண்ணெய் எனாமல் அடிக்க நினைப்பவர்கள் நிறுத்திக்கொள்ளுங்கள். ஜிங்க்கும் அந்த எண்ணெயும் வினை செய்து நடுவே சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகும். சில மாதத்தில் பெயிண்ட் ஏடு ஏடாக உரியும். ஜி.ஐ. ஷீட்டில் எனாமல் உரிவதும் இதே காரணத்தால்தான்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். தகரம் வெட்டி வெல்டு, டிங்கர் வேலை 6,500 ரூபாய். பிளாஸ்டிங் 1,500. ஜிங்க் ஸ்பிரே வயரோடு சேர்த்து 4,000. வயர் மட்டும் பார்த்தால் சொற்பம், கன்னைச் செட் செய்யும் கூலிதான் மிச்சம். டெம்போ போக வர 1,800. எபாக்ஸி, சர்ஃபேசர், பெயிண்ட், பேப்பர் எல்லாம் சேர்த்து 5,200. மொத்தம் 19,000 ரூபாய். பட்டி போட்டிருந்தால் ஸ்பிரே, பிளாஸ்டிங், டெம்போ மூன்றும் இல்லை, 7,300 ரூபாய் குறைந்திருக்கும். வெல்டு கோட்டின்மேல், அதிரும் விளிம்பில், தண்ணீர் தெறிக்கும் இடத்தில் அந்தப் பணம் தகும் என்பது என் கருத்து. ஜிங்க் அங்கே வெறும் நிரப்பு அல்ல. மேலே கீறல் விழுந்தாலும் தகரத்துக்கு முன்னால் தான் அரிபட்டு அதைக் காக்கும். கதவின் நடுவில் விழுந்த சாதாரண ஒடுக்குக்கு இது தேவையில்லை. சுத்தியால் எடுத்து, மெல்லிய பட்டி இழுத்தால் போதும். ஓட்டையை மூடவும் இது உதவாது. துகள் ஓட்டை வழியாகப் போய்விடும், தகரம் வைத்துத்தான் ஆக வேண்டும்.

அடுத்து இரண்டு பக்கச் சில்கள், அதாவது கதவுக்குக் கீழே ஓடும் தகரப் பட்டைகள். ஹெரால்டில் அவையும் போல்ட் கழற்றி எடுக்கக்கூடியவை. இந்தத் தடவை விளிம்புகளை முதலிலேயே உருட்டிவிடுவேன். ஒரே செட்டிங் கூலியில் முடிய இரண்டு சில்களையும் பேட்டரி டிரேயையும் சேர்த்தே கொண்டு போவேன். சில்லின் உள்பக்கத்துக்கும் 150 மைக்ரான் ஜிங்க் அடித்து, எபாக்ஸி போட்டு, அதன்மேல் கேவிட்டி வேக்ஸ் (உள்ளறையில் துரு பிடிக்காமல் அடிக்கும் மெழுகு) விடச் சொல்லியிருக்கிறேன். மழைக்கு முன்னால், காற்று உலர்ந்திருக்கும் பங்குனியில் தேதி கேட்டு வைத்திருக்கிறேன்.